பாத்ரூம் தரையின் கதை: மொகஞ்சதாரோவில் இருந்து ஓடைப்பட்டி வரை

1/


சுகர், பிரஷர், காய்ச்சல் என்று எழுதிட்டிருந்த ஆள் இன்னைக்கு டைல்ஸ் பற்றி எழுதப் போறேன். "டாக்டர் சைடுல டைல்ஸ் கடை போட்டுட்டாரா?"ன்னு கேட்காதீங்க. கடைசி வரை படிங்க. வீட்டுல 60 வயசு தாண்டினவங்க யாராவது இருந்தா கண்டிப்பா படிங்க.

2/
எம்.பி.பி.எஸ் முடிச்சு அரசுப் பணியில் சேர்ந்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நான் செஞ்ச முதல் காரியம் ஓடைப்பட்டியில் எங்க வீட்டு பாத்ரூமை இடிச்சுக் கட்டினது. பழைய சொரசொரப்பான சிமெண்ட் தரை. ஓரமெல்லாம் பாசி. எனக்கு அது அசிங்கமா தெரிஞ்சது.

கடையில் போய் நானே தேர்ந்தெடுத்தேன். பளபளன்னு, முகம் பார்க்கலாம் போல ஒரு டைல்ஸ்.

அப்பத்தா வந்து வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துச்சு. "ஏய்யா, கண்ணாடி மாதிரி இருக்கு. கால் நிக்குமாய்யா?"

"அதெல்லாம் நிக்கும் அப்பத்தா. ஆஸ்பத்திரியில எல்லாம் இதுதான் போடுறாங்க."

இந்தப் பதிலை நான் இன்னும் மறக்கல. ஏன்னு பிறகு சொல்றேன். முதல்ல கதைக்கு வருவோம்.

3/
குளிக்கிற தரைக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு.

சுமார் 4,500 வருஷத்துக்கு முன்னாடி மொகஞ்சதாரோவில் பல வீடுகளில் குளிக்கிறதுக்குன்னே தனி மேடை இருந்தது. சுட்ட செங்கலை இழைச்சு, இடுக்கில்லாம நெருக்கிப் பதிச்ச தரை. தண்ணி ஒரு மூலைக்கு ஓடுற மாதிரி வாட்டம். அந்த மூலையில இருந்து தெருச் சாக்கடைக்குக் கால்வாய். அங்கே இருந்த பெருங்குளத்தில் செங்கலுக்குப் பின்னால் தண்ணி கசியாம இருக்க நிலக்கீல் பூசியிருந்தாங்க.

இடுக்கில்லாத தரை, வாட்டம், வடிகால், கசிவுத் தடுப்பு. இன்னைக்கு ஒரு நல்ல கொத்தனார் சொல்ற நாலு விஷயமும் அன்னைக்கே இருந்தது.

4/
நம்ம பக்கம் வந்தா கீழடி. எங்க தேனி மாவட்டத்து மலையில் பிறந்து போற வைகை, மதுரையைத் தாண்டிப் போற கரையில் இருக்கிற ஊர். அங்கே செங்கல் கட்டுமானம், கூரை ஓடு, உறைகிணறு, சுடுமண் குழாய் எல்லாம் கிடைச்சது உங்களுக்குத் தெரியும். மண்ணைச் சுட்டு, தண்ணியை நாம சொல்ற வழியில் போக வைக்கிற வித்தை வைகைக் கரைக்குப் புதுசு இல்லை.

5/
ஆனா குளியலறை என்பது நம்ம கிராமங்களில் வீட்டுக்குள்ள வந்து ரொம்ப நாள் ஆகல.

எங்க ஊர்ப் பேரிலேயே ஓடை இருக்கு. ஆம்பளைகளுக்குக் கிணறு, திராட்சைத் தோட்டத்துப் பம்ப்செட் தொட்டி. பொம்பளைகளுக்கு வீட்டுக்குப் பின்னால தட்டி மறைப்பு. கீழே ஒரு கருங்கல் பலகை. அதுல நின்னு குளிக்கணும், அதுலயே துணியும் துவைக்கணும். உளி பட்ட கல், சொரசொரன்னு இருக்கும். மானத்துக்கும் பாதுகாப்புக்கும் அந்த மறைப்பு பத்தாது. இருட்டுன பிறகுதான் குளிக்கணும்னு காத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். அந்தக் காலத்தை நான் பொற்காலம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கல்லுல கால் நின்னுச்சு.

பிறகு சிமெண்ட் வந்தது. 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்க முதல் முயற்சி 1904-ல் நம்ம சென்னையில் நடந்து, தோத்துப் போச்சு. 1914-ல் குஜராத்தின் போர்பந்தரில் நிலைச்சது. அதுக்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா சிமெண்ட் தரை, காவி போட்ட சிவப்புத் தரை, மொசைக் தரை.

6/
சரி, இந்த டைல்ஸ் எப்படி வந்தது?

1840-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பிராசர் என்பவர் ஈரக் களிமண்ணுக்குப் பதிலா, கிட்டத்தட்ட காய்ஞ்ச களிமண் பொடியை அச்சில் போட்டு அழுத்துற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் சட்டை பட்டன் செய்யத்தான் அது பயன்பட்டது. ஹெர்பர்ட் மின்டன் அதைத் தரை ஓட்டுக்குக் கொண்டு போனார். ஈரம் குறைவுன்னா சுடும்போது சுருக்கம் குறைவு. ஒண்ணு போல இன்னொண்ணு, ஆயிரக்கணக்கில் செய்யலாம். இன்னைக்கும் உங்க வீட்டு டைல்ஸ் இந்த அடிப்படையில்தான் வருது.

1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சது. கூரைக்கு 'மங்களூர் ஓடு' ஊர் ஊரா வந்தது அந்த வழியில்.

7/
பர்மா, இலங்கை, மலேயா என்று போய் வணிகம் செஞ்ச நகரத்தார் செட்டிநாட்டில் அரண்மனை போல வீடு கட்டினாங்க. பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், இங்கிலாந்து ஜப்பான் டைல்ஸ். சுவரெல்லாம் பூப்பூவா.

கப்பலில் வந்த டைல்ஸைப் பார்த்த நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? காரைக்குடி பக்கம் ஆத்தங்குடியில் அதுக்கு ஒரு பதில் உருவாச்சு. சூளை வேண்டாம், நெருப்பு வேண்டாம். ஒரு கண்ணாடித் துண்டு. அதுமேல இரும்புச் சட்டம். கலர் கலந்த சிமெண்டைக் கையால ஊத்திப் பூ வரைவாங்க. மேல மணலும் சிமெண்டும் கலந்து தூவி, அதுக்கு மேல காரை போட்டு, ஒரு நாள் காய வெச்சு, தண்ணித் தொட்டியில் சில நாள் ஊற வைப்பாங்க. எடுத்தா கண்ணாடி தனியா வந்துடும். கண்ணாடியோட வழவழப்பு மட்டும் கல்லுல தங்கிடும்.

பம்பாயில் 1922-ல் சித்வா குடும்பத்தினர் பாரத் ஃப்ளோரிங்ஸ் ஆரம்பிச்சதும் இதே மனநிலையில்தான். வெளிநாட்டு ஓட்டுக்குப் பதிலா சுதேசி சிமெண்ட் ஓடு.

8/
இப்போ எங்க தொழிலோட பங்குக்கு வரேன்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் மருத்துவமனைச் சுவர் நீரை உறிஞ்சாததா, வெள்ளையா, கழுவக்கூடியதா இருக்கணும்னு எழுதினார். 1867-ல் லிஸ்டர் கிருமிநாசினி அறுவைச் சிகிச்சை பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1882-ல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சார். 1884-ல் கல்கத்தாவில் நம்ம குளத்துத் தண்ணியில் காலரா கிருமியைக் காட்டினார்.

கிருமி கண்ணுக்குத் தெரியாது, ஆனா எங்கயும் ஒட்டும்னு தெரிஞ்ச பிறகு உலகம் பயந்துச்சு. மரத்தரை, கம்பளம், காகிதம் ஒட்டின சுவர் எல்லாம் சந்தேகத்துக்கு ஆளாச்சு. ஆபரேஷன் தியேட்டர், பால் பண்ணை, கறிக்கடை, கடைசியில் வீட்டுக் குளியலறை என்று எல்லாமே வெள்ளை டைல்ஸுக்கு மாறினது அந்தப் பயத்தில்தான். வெள்ளைன்னா அழுக்கு தெரியும். வழவழன்னா அழுக்கு நிக்காது. 'பளபளப்பு = சுத்தம்' என்ற கணக்கை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்ததில் டாக்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

"ஆஸ்பத்திரியில எல்லாம் இதுதான் போடுறாங்க"ன்னு நான் அப்பத்தாகிட்ட சொன்னது என் சொந்த வார்த்தை இல்லை. 150 வருஷத்துப் பழைய வார்த்தை.

9/
அந்தக் கணக்குச் சுவருக்குச் சரி. தரைக்கு அது பாதி சரி.

தரைக்குச் சுத்தம் மட்டும் வேலை இல்லை. நம்மளை நிக்க வைக்கிறதும் அதோட வேலை.

காய்ஞ்ச தரையில் நம்ம பாதம் தரையைத் தொடும். ஈரத் தரையில் நடுவுல தண்ணி ஒரு படலமா நிக்கும். தரை சொரசொரப்பா இருந்தா மேடுகள் படலத்தைக் கிழிச்சுட்டுப் பாதத்தைத் தொடும். கண்ணாடி மாதிரி இருந்தா தொடாது. நீங்க தண்ணி மேல நிக்கிறீங்க. சோப்பு சேர்ந்தா இன்னும் மோசம். எண்ணெய் சேர்ந்தா கேட்கவே வேண்டாம். தீபாவளி விடிகாலை, தூக்கக் கலக்கம், உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய், கீழே பளபள டைல்ஸ். நினைச்சுப் பாருங்க.

ஜெர்மனியில் இதை ஒரு சோதனையாவே வெச்சிருக்காங்க. சாய்வுப் பலகையில் டைல்ஸ் பதிச்சு, எண்ணெய் ஊத்தி, ஷூ போட்ட ஒருத்தரை நடக்க விட்டு, பலகையைச் சாய்ச்சுக்கிட்டே போவாங்க. எத்தனை டிகிரியில் தடுமாறுறார் என்பதை வெச்சு ஆர்9 முதல் ஆர்13 வரை எண் கொடுப்பாங்க. எண் கூடக் கூட பிடிப்பு அதிகம். வெறுங்காலுக்குத் தனிச் சோதனை. சோப்புத் தண்ணி ஊத்தி நடக்க விடுவாங்க. அதுக்கு ஏ, பி, சி என்று மூணு தரம். ஷவர் தரைக்குப் பொருத்தமானது பி, அதாவது 18 டிகிரி சாய்வு வரை தாங்கணும்.

10/
இந்தியாவில் 1958-ல் எச் அண்டு ஆர் ஜான்சன் ஆரம்பிச்ச காலத்தில் டைல்ஸ் என்பது பணக்கார வீட்டுச் சுவர்ச் சமாச்சாரம். இன்னைக்கு உலகத்திலேயே டைல்ஸ் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்து நாம். அதுல மிகப் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பி என்ற ஒரே ஊரைச் சுற்றி நடக்குது. 1979-ல் மச்சு அணை உடைஞ்சு ஆயிரக்கணக்கானோர் செத்துப் போன அதே மோர்பி. எழுந்து நின்னு நாட்டுக்கே தரை போட்ட ஊர்.

சூளைத் தொழில்நுட்பம் மாறினதுதான் காரணம். முன்னே டைல்ஸ் சுட ஒரு நாளுக்கு மேல ஆகும். உருளைகள் மேல ஓடுற சூளையில் ஒரு மணி நேரத்துக்குள்ள சுட்டு வெளியே வந்துடுது. விலை குறைஞ்சது. மொசைக் பாலிஷ் போடுற ஆளுக்குக் காத்திருக்கிற நேரத்தில் டைல்ஸ் ஒட்டி முடிச்சுடலாம்.

அதே காலத்தில்தான் நம்ம கிராமத்து வீடுகளுக்குள்ள குளியலறை, கழிப்பறை வந்தது. 2011-ல் தமிழக அரசின் பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடிக்குள்ள கழிப்பறையும் உண்டு. 2014 அக்டோபர் 2 முதல் தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய். இதெல்லாம் உயிர் காத்த திட்டங்கள். ஒரு டாக்டரா நான் கை எடுத்துக் கும்பிடுவேன்.

ஆனா அந்த அறைக்குள்ள என்ன தரை போடணும்னு யாரும் யாருக்கும் சொல்லல. கருங்கல் பலகையில் 60 வருஷம் குளிச்ச பாதம், திடீர்னு கண்ணாடி மேல நிக்க வேண்டியதா போச்சு.

11/
அப்பத்தா விழுந்தது ஒரு விடிகாலை. நாலு மணி இருக்கும். சத்தம் கேட்டு அம்மா ஓடினா, உள்ளே தாழ்ப்பாள். கதவை உடைச்சுத்தான் தூக்கினோம்.

வலது கால் இடது காலைவிடக் குட்டையா, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரே எடுக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தொடை எலும்போட கழுத்து முறிஞ்சிருக்கு.

ஆபரேஷன் நல்லபடியா நடந்தது. வாக்கர் பிடிச்சு நடந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் கொஞ்சம் மேல இருந்துச்சு. ஆனா ஒரு நாளும் தனியா குளிக்கல. அம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், ஸ்டூல்ல உட்கார வெச்சு ஊத்திவிடும். திராட்சைத் தோட்டத்துல கூலிக்குப் போய், யார்கிட்டயும் கை நீட்டாம நாலு பிள்ளைகளை வளர்த்த மனுஷி. வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசல. "என் குளியலைக் கூட நான் குளிக்க முடியலையேய்யா" என்று மட்டும் ஒரு தடவை சொல்லுச்சு.

டைல்ஸ் பற்றி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லல. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

12/
இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஒரு வருஷத்தில் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து சாகிறாங்க. அதுல 80 சதவீதத்துக்கு மேல நம்மளை மாதிரி ஏழை, நடுத்தர நாடுகளில். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். ஹெல்மெட் பற்றிப் பேசுறோம். பாத்ரூம் தரை பற்றிப் பேசுறது இல்லை.

வயசானவங்களுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சா, ஒரு வருஷத்துக்குள்ள ஐந்தில் ஒருவர், சில இடங்களில் மூவரில் ஒருவர் இறந்து போறாங்க. எலும்பு முறிவு நேரா கொல்றது இல்லை. படுக்கையில் கிடக்கிறதால வர நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தம் உறையறது, இதெல்லாம்தான் கொல்லுது.

யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனா யானைக்கு நாம பளிங்குத் தரை போட்டுக் கொடுக்கிறது இல்லை.

13/
சரி, இப்போ என்ன செய்யணும்? புதுசா கட்டுறவங்களுக்கு:

1. தரைக்குத் தரை டைல்ஸ், சுவருக்குச் சுவர் டைல்ஸ். மாத்திப் போடாதீங்க. சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல தண்ணி உறிஞ்சும். வலுவும் குறைவு. விட்ரிஃபைடு வகை 0.5 சதவீதத்துக்குள்ளதான் உறிஞ்சும். பெட்டியில் போட்டிருக்கும், இல்லைன்னா கேளுங்க.

2. பாத்ரூம் தரைக்கு 'மேட்' அல்லது 'ஆன்டி ஸ்கிட்' மட்டுமே. ஆர் எண் அச்சடிச்சிருந்தா ஆர்10, ஆர்11 பாருங்க. வெறுங்கால் தரம் ஏ, பி, சி குறிப்பிட்டிருந்தா ஷவருக்கு பி.

3. எண் எதுவும் இல்லையா? கடையிலேயே டைல்ஸைக் கீழே வெச்சு, சோப்புத் தண்ணி ஊத்தி, செருப்பைக் கழட்டி, யாரையாவது பிடிச்சுக்கிட்டு ஒரு காலால தேய்ச்சுப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

4. சின்ன டைல்ஸ் நல்லது. இணைப்பு அதிகம் இருந்தா பிடிப்பும் அதிகம், வாட்டம் கொடுக்கவும் சுலபம். ஷவர் பகுதியில் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்பது பல நாடுகளில் உள்ள கணக்கு. வேலை முடிஞ்சதும் ஒரு வாளி தண்ணி ஊத்துங்க. எங்கயும் தேங்கக் கூடாது.

5. டைல்ஸ் தண்ணியைத் தடுக்கும்னு நம்பாதீங்க. தடுக்க வேண்டியது அதுக்கு அடியில் போடுற வாட்டர் புரூஃபிங். மொகஞ்சதாரோ நிலக்கீலை ஞாபகம் வெச்சுக்கோங்க.

6. ஆத்தங்குடிக் கல் அழகுதான். கூடத்துக்கும் திண்ணைக்கும் போடுங்க. தண்ணி நிக்கிற ஷவர் தரைக்கு வேண்டாம். அது சிமெண்ட், ஈரத்தை உறிஞ்சும், ஆசிட் பட்டால் பூ அழிஞ்சுடும்.

7. டைல்ஸ் வெட்டுற தம்பியைத் தண்ணி விட்டு வெட்டச் சொல்லுங்க, மாஸ்க் வாங்கிக் கொடுங்க. காய்ஞ்சபடி வெட்டும்போது பறக்கிற சிலிக்கா தூசி நுரையீரலை இறுக வைக்கும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து இல்லை. அது இருக்கிறவங்களுக்குக் காசநோயும் சுலபமா வரும்.

14/
ஏற்கனவே பளபள தரை இருக்கிறவங்களுக்கு:

இடிக்கணும்னு இல்லை. அடியில் உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் மேட் போடுங்க. வாரம் ரெண்டு தடவை வெயிலில் காய வையுங்க, இல்லைன்னா மேட்டே வழுக்கும். கழிப்பறை பக்கத்திலும் ஷவர் பக்கத்திலும் ஸ்டீல் கைப்பிடி, சுவரில் துளை போட்டு ஸ்க்ரூ வெச்சு மாட்டுங்க. ஒட்டுற வகை வேண்டாம். உட்கார்ந்து குளிக்க ஒரு உறுதியான ஸ்டூல். ராத்திரி எரியுற சின்ன விளக்கு. பெரியவங்க உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம்னு பழக்குங்க.

பிரஷர் மாத்திரை, சிறுநீர் அதிகம் போக வைக்கிற மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுறவங்க படுக்கையில் இருந்து எழுந்ததும் நடக்கக் கூடாது. ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு எழணும்.

15/
பராமரிப்பு. இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை.

போர் தண்ணியில் இருக்கிற கால்சியம், மக்னீசியம் உப்பு சோப்போட சேர்ந்தா வெள்ளையா, வழவழன்னு ஒரு படலம் ஆகும். நல்ல டைல்ஸையும் வழுக்க வைக்கிறது இதுதான். தினமும் குளிச்சு முடிச்சதும் நல்ல தண்ணி ஊத்தி, வைப்பரால் தள்ளி விடுங்க. வாரம் ஒரு தடவை சோப்புத் தூள் போட்டு பிரஷ்ஷால் தேய்ங்க. எண்ணெய்க் குளியல் அன்னைக்குத் தரையிலும் கொஞ்சம் சீயக்காய் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. உப்புக் கறைக்கு வினிகர் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்க, பூஞ்சை வராது.

ஆசிட் வேண்டாம். டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற சிமெண்டை அது தின்னுடும். அப்புறம் தண்ணி கீழே இறங்கும்.

முக்கியமானது: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் போடாதீங்க. கழிப்பறை கழுவுற திரவங்களில் பலதில் ஆசிட்தான் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே போர்க்களத்தில் ஜெர்மன் படை திறந்துவிட்ட அதே வாயு. பண்டிகைக்கு வீடு கழுவுற சமயத்தில் மூச்சு முட்டி வர பெண்களை நான் பார்த்திருக்கேன். அப்படி ஆனா உடனே வெளியே வாங்க, கதவைத் திறந்து விடுங்க, மருத்துவமனைக்குப் போங்க. சில மணி நேரம் கழிச்சும் நுரையீரலில் நீர் கோர்க்கலாம்.

16/
யாராவது விழுந்துட்டா: எழுப்பி நடக்க வெச்சுப் பார்க்காதீங்க. எண்ணெய் போட்டு உருவி விடாதீங்க. ஒரு கால் குட்டையா, பாதம் வெளியே திரும்பி இருந்தா, அசைக்காம 108-க்குக் கூப்பிடுங்க. இந்த எலும்பு பெரும்பாலும் கட்டுப் போட்டுச் சேராது, ஆபரேஷன் வேணும். முடிஞ்சா ரெண்டு நாளுக்குள்ள. அரசு மருத்துவமனைகளில் செய்றாங்க, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கு. "வயசாயிடுச்சு, எதுக்கு ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லாதீங்க. வயசானதாலதான் சீக்கிரம் எழுந்து உட்காரணும்.

17/
எங்க வீட்டு பாத்ரூம் தரையை நான் மாத்திட்டேன். சாம்பல் கலர், சொரசொரப்பு, ஒரு அடிக்கு ஒரு அடி. அழகுன்னு சொல்ல முடியாது. பார்க்கப் பழைய கருங்கல் பலகை மாதிரிதான் இருக்கு.

இப்போ அதுல எங்க அம்மா குளிக்கிறாங்க. தனியா.

இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டு பாத்ரூம் தரையில் ஒரு சொம்பு தண்ணி ஊத்தி, வெறுங்காலோட, சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை நின்னு பாருங்க. உங்க காலா நினைக்காதீங்க. உங்க அப்பத்தா காலா நினைச்சுப் பாருங்க.

தேவைப்படுறவங்களுக்குப் பகிருங்கள்.

— ஓடைப்பட்டியில் இருந்து ஒரு அரசு மருத்துவர்